ஸின் சிந்தசைசரில் அடுக்கடுக்காக ரெக்கார்டிங்: சூட்சுமம் முதல் சுரத்தில்

ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் (சுருக்கமாக ஸின்) ஓர் இலவச சிந்தசைசர் மென்பொருள். அதற்குள்ளேயே ரெக்கார்டரும் உண்டு. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு வேவ் ஃபைலைத்தான் எழுதும், ட்ராக் எல்லாம் கிடையாது. பேஸ், கார்ட்ஸ், மெலடி என்று அடுக்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் சேர்க்க வேண்டும்.

முதலில் தாளம். ஆடாசிட்டியின் ஜெனரேட் மெனுவில் ரிதம் ட்ராக் இருக்கும். டெம்போ 120 (நிமிடத்துக்கு 120 பீட்), பாருக்கு 4 பீட் என்று வையுங்கள். ஒரு பீட் அரை நொடி, ஒரு பார் 2 நொடி. இந்தக் கணக்கு பிறகு தேவைப்படும்.

அடுத்து ஸின்னில் ரெக்கார்ட் மெனுவுக்குப் போய் வேவ் ஃபைலுக்குப் பெயர் கொடுத்து, ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். எதுவும் நடக்கவில்லையே என்று பதற வேண்டாம். நீங்கள் முதல் கீயைத் தொடும்வரை அது காத்திருக்கும். தொட்ட கணத்தில்தான் பதிவு தொடங்கும். ஆக, ஃபைலின் தொடக்கமே உங்கள் முதல் சுரம்தான்.

இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். தாளத்தை ஓடவிட்டு, முதல் பாரைச் சும்மா விட்டு, இரண்டாவது பாரின் முதல் பீட்டில் வாசிக்கத் தொடங்குங்கள். முடிந்ததும் ரிவெர்ப் (எதிரொலிபோல நீளும் ஒலி) முழுக்க அடங்கட்டும், அப்புறம் ஸ்டாப். நடுவில் பாஸ் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். பாஸ் செய்த பின் அடுத்த கீ விழும்போதுதான் பதிவு தொடரும். இடைவெளி ஃபைலில் இருக்காது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் தாளத்தை விட்டு விலகிவிடும்.

இப்போது அந்த ஃபைலை ஆடாசிட்டியில் இம்போர்ட் செய்து, கிளிப்பை 2 நொடிக்கு நகர்த்துங்கள். தாளத்தோடு பொருந்திவிடும். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த அடுக்கை, வேறு ஃபைல் பெயரில், இதே மாதிரி எடுக்கலாம். ரெக்கார்டர் ஸின்னின் ஒலியை மட்டுமே பிடிப்பதால், ஸ்பீக்கரில் பழைய அடுக்கு ஓடினாலும் புதியதில் கலக்காது. மெலடி நான்கு பார் கழித்து நுழைகிறதா? 2 + 8, அதாவது 10 நொடியில் வையுங்கள்.

சரி, முதல் சுரத்தையே கொஞ்சம் முந்தி அடித்துவிட்டால்? அந்த ஒரு சுரம் மட்டும் பீட்டில் உட்கார்ந்து, மற்றதெல்லாம் பிந்தி ஒலிக்கும். கிளிப்பை இடப்பக்கம் இம்மியளவு தள்ளினால் போதும். பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) போல மெதுவாக எழும் ஒலிக்கு அலைவடிவத்தைப் பார்த்துத் தள்ளாதீர்கள், காதை நம்புங்கள்.

ஒலியளவு இன்னொரு சங்கதி. ஒரே மாதிரியான இரண்டு அடுக்குகள் சேர்ந்தால் 6 டெசிபெல் வரை கூடும். அதனால் ஒவ்வோர் அடுக்கின் உச்சமும் மைனஸ் 12 டெசிபெல் (0 தான் உச்ச எல்லை) பக்கம் நிற்கும்படி மாஸ்டர் வால்யூமைக் குறைத்தே எடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும் முன் தாள ட்ராக்கை மியூட் செய்ய மறந்துவிடாதீர்கள். இல்லையென்றால் பாட்டு முழுக்க டிக் டிக் என்று கேட்கும்.