அமெரிக்காவில் சோதனை வாரண்டும் பிடிவாரண்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வாரண்டு தொடர்பாகச் செய்யப்படும் தவறுகளில் பெரும்பாலானவை, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம்தான் என்ற எண்ணத்திலிருந்து பிறக்கின்றன. 1791-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தின்படி, வாரண்டு பெறுவதற்குத் தகுந்த முகாந்திரம் இருப்பதைச் சத்தியப் பிரமாணத்துடன் காட்ட வேண்டும். சோதிக்கப்படும் இடத்தையும், கைப்பற்றப்படும் பொருளையும் அல்லது கைதாகும் ஆளையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த வரம்புக்குக் கீழே எந்த மாநிலமும் இறங்க முடியாது, ஆனால் இதற்கு மேல் கூடுதல் பாதுகாப்பு தரலாம் என்பதால், நியூ ஜெர்சியில் வாழும் நண்பர் சொன்ன அறிவுரை டெக்சாஸில் உங்களைக் கைவிட்டுவிடக்கூடும்.

இரண்டு வாரண்டுகளும் ஒரே அதிகாரத்தைத் தருகின்றன என்று எண்ணுவது முதல் தவறு. பிடிவாரண்டு கையில் இருந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் தம் வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருக்கும்போது போலீசார் அவருடைய வீட்டுக்குள் நுழையலாம் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் பேட்டன் வழக்கில் கூறியது. ஆனால் அவர் உங்கள் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தால் அந்தத் தாள் போதாது. உங்கள் சம்மதமோ மிக அவசரமான சூழலோ இல்லாத நிலையில், உங்கள் வீட்டுக்கென்று தனியாகச் சோதனை வாரண்டு வேண்டும் என்று அடுத்த ஆண்டே ஸ்டீகால்டு வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது சம்மதம் என்ற இடத்தில்தான். வாரண்டு இல்லாமல் வந்த அதிகாரி மரியாதையாக, “உள்ளே வந்து பார்க்கலாமா?” என்று கேட்கிறார், வாசலில் நிற்பவர் பதற்றத்தில் தலையசைத்துக் கதவை விட்டு விலகி நிற்கிறார். அதுவே சம்மதமாகக் கருதப்படக்கூடும், அதன் பிறகு வாரண்டு இல்லை என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. மறுக்கும் உரிமை உண்டு என்று போலீசார் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கட்டாயம் கூட்டாட்சிச் (மத்திய அரசு) சட்டத்தில் இல்லை என்பதை உச்ச நீதிமன்றத்தின் 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதிசெய்தது. நியூ ஜெர்சியிலோ, மறுக்கலாம் என்பது சம்மதித்தவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில், வாரண்டு இல்லாமல் வாசலுக்கு வந்து சோதனைக்குச் சம்மதம் கேட்கும் போலீசார் அந்த உரிமையை முதலில் சொல்லியாக வேண்டும் என்று 1998-இல் தீர்ப்பானது. எந்த மாநிலமாக இருந்தாலும், “சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை” என்று தெளிவாக வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆனால் உடலால் தடுக்காதீர்கள். வாரண்டில் பிழை இருந்தாலும் அதை எதிர்த்து வாதாட வேண்டிய இடம் நீதிமன்றம். வாசலில் கை ஓங்கினால் அதுவே புதிய வழக்காகிவிடும்.

வாரண்டின் ஆயுளும் நேரமும்கூட ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் சோதனை வாரண்டைப் பத்து நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். டெக்சாஸில் பொதுவான பொருட்களைத் தேடும் வாரண்டுக்கு மூன்று முழு நாட்களே கெடு. நீதிபதி தனியாக அனுமதித்தாலொழிய, கலிஃபோர்னியாவில் காலை 7 மணி முதல் இரவு 10 வரையும், நியூயார்க்கில் காலை 6 முதல் இரவு 9 வரையும்தான் சோதனை நடத்தலாம். கூட்டாட்சி வாரண்டுடன் வருபவர்களுக்கு இந்த மாநிலக் கெடுக்கள் பொருந்தாது. அவர்களுக்கு 14 நாட்கள், காலை 6 முதல் இரவு 10 வரை.

கதவைத் தட்டாமல் நுழைந்தால் கிடைத்த சாட்சியமெல்லாம் செல்லாது என்று நம்புவதும் தவறு. 2020 மார்ச்சில் லூயிவில் நகரில், தட்டாமல் நுழைய அனுமதி தந்த வாரண்டை நிறைவேற்ற வந்த போலீசாரின் துப்பாக்கிச்சூட்டில் பிரியானா டெய்லர் உயிரிழந்த பிறகு, அதே ஆண்டு வர்ஜீனியா இத்தகைய வாரண்டுகளைத் தடைசெய்தது. அப்படிப்பட்ட மாநிலச் சட்டம் இல்லாத இடத்தில், உச்ச நீதிமன்றத்தின் 2006 ஹட்சன் தீர்ப்புப்படி, தட்டாமல் நுழைந்த குறைக்காக மட்டும் சாட்சியம் தள்ளுபடியாகாது. மாநில வேறுபாடு குப்பையிலும் உண்டு: தெருவோரம் வைத்த குப்பைப் பையை, கூட்டாட்சிச் சட்டப்படி வாரண்டின்றிக் கிளறலாம், நியூ ஜெர்சியில் முடியாது.

கைது செய்ய வந்தவரிடம் தாள் இல்லை என்பதால் கைது செல்லாது என்று வாதிடுபவர்களும் உண்டு. வாரண்டு பிறப்பிக்கப்பட்டிருந்தால் போதும், அது அப்போதே கையில் இருக்க வேண்டியதில்லை.

பலரை உண்மையில் சிக்கவைப்பது, நீதிமன்றத்தில் ஆஜராகத் தவறியதற்காகப் பிறப்பிக்கப்படும் பிடிவாரண்டு. வேகமாக ஓட்டியதற்கான அபராதச் சீட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேறு மாநிலத்துக்கு வேலை மாறிச் சென்றுவிடுகிறார்கள், பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள் கண்ணில் படுவதே இல்லை. சோதனை வாரண்டைப் போல இது சில நாட்களில் காலாவதியாகாது. நிறைவேற்றப்படும் வரையோ நீதிமன்றம் திரும்பப் பெறும் வரையோ நிலைத்திருக்கும். கடுமையான வழக்காக இருந்தால், அது தேசியத் தகவல் தொகுப்பில் ஏற்றப்பட்டு, வேறு மாநிலத்தில் சாதாரண வாகனச் சோதனையின்போதே கைதாகி, வாரண்டு பிறப்பித்த மாநிலத்திடம் ஒப்படைக்கப்படுவதற்காகக் காத்திருக்க நேரலாம். தெரிந்த உடனே, வாரண்டு பிறப்பித்த மாநிலத்தில் வழக்காடும் வழக்கறிஞர் மூலம் அதே நீதிமன்றத்தில் அதைத் திரும்பப் பெற மனு செய்யுங்கள். இப்போது வசிக்கும் மாநிலத்தின் நீதிமன்றத்தால் அதை ரத்து செய்ய முடியாது.