சிக்வின் டிஎல்எல் சண்டை: ரீஇன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

யுனிக்ஸ் டூல் ஏதோ ஒண்ணை விண்டோஸ்ல போட்டதும், நேத்து வரைக்கும் சிக்வின்ல (யுனிக்ஸ் டூல்களை விண்டோஸ்ல ஓட வைக்கிற சாஃப்ட்வேர்) ஒழுங்கா ஓடின பாஷ் (கமாண்ட் அடிக்கிற ஷெல்) திடீர்னு 'சிக்ஹீப் பேஸ் மிஸ்மேட்ச்'னு கத்திட்டு படுத்துடுதா? எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி போட ஓடாதீங்க. நான் ஒரு ராத்திரி மூணு தடவை போட்டுப் பார்த்தேன், மூணு தடவையும் அதே எரர்தான், ஏன்னா கோளாறு சிக்வின்ல இல்லவே இல்ல, எப்பவோ போட்டு மறந்துபோன ஒரு பேக்கப் டூல் தன் ஃபோல்டருக்குள்ள சிக்வின் டிஎல்எல்லோட (ப்ரோக்ராம்கள் பொதுவா பயன்படுத்துற கோடு ஃபைல்) பழைய காப்பி ஒண்ணை வச்சிருந்துது.

விஷயம் இதான். சிக்வினுக்காக கம்பைல் பண்ண ப்ரோக்ராம் எல்லாம் சிக்வின்1.டிஎல்எல்ங்கிற ஒரே ஃபைலை நம்பித்தான் ஓடுது. ஆனா விண்டோஸ் அதைத் தேடுறப்போ முதல்ல அந்த ப்ரோக்ராமோட எக்ஸி ஃபைல் இருக்கிற ஃபோல்டர்லதான் பார்க்கும், அப்புறம் சிஸ்டம் ஃபோல்டர், கடைசியாத்தான் பாத் (விண்டோஸ் தேட வேண்டிய ஃபோல்டர்களோட லிஸ்ட்). அதனால பாஷ் புது வெர்ஷனையும், அது கிளப்பிவிட்ட ப்ரோக்ராம் பக்கத்துல கிடக்கிற பழசையும் எடுத்துக்கிட்டா, ரெண்டுக்கும் ஒத்துப்போகாது.

ஸ்டெப் 1: சிக்வின் விண்டோ எல்லாத்தையும் மூடுங்க. எஸ்எஸ்எச் (வேற மெஷின்ல இருந்து லாகின் பண்றதுக்கு), க்ரான் (நேரம் பார்த்து வேலையை ஓட்டுறதுக்கு) சர்வீஸா ஓடிட்டிருந்தா அதையும் நிறுத்துங்க, நிறைய பேர் மறக்கிறது இங்கதான்.

ஸ்டெப் 2: சாதா கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'வேர் /ஆர் சி:\ சிக்வின்1.டிஎல்எல்'னு அடிங்க. கொஞ்ச நேரம் எடுக்கும். ரெண்டு மூணு இடம் காட்டுச்சுன்னா ஆள் கிட்டத்தட்ட மாட்டிக்கிட்டான்.

ஸ்டெப் 3: சிக்வினோட ப்ரோக்ராம் எல்லாம் இருக்கிற 'பின்'ங்கிற ஃபோல்டருக்குப் போய் 'சிக்செக்'னு அடிச்சு, மக்கர் பண்ற எக்ஸியோட முழு முகவரியையும் (ட்ரைவ், ஃபோல்டர், பேர் எல்லாம்) பக்கத்துல கொடுங்க. எந்த டிஎல்எல் எந்த ஃபோல்டர்ல இருந்து வருதுன்னு வரிசையா சொல்லிடும். சிக்செக் அந்த டிஎல்எல்லை நம்பி இல்லாததால, பாஷ் செத்துக் கிடந்தாலும் இது ஓடும்.

ஸ்டெப் 4: பின் ஃபோல்டர்ல இருக்கிறது இருக்கட்டும், அதுதான் பெரும்பாலும் புதுசு. மத்த காப்பிகளை டிலீட் பண்ணாம கடைசில '.பழசு'னு சேர்த்து ரீநேம் பண்ணுங்க. எம்சிஸ்-2.0.டிஎல்எல்னு ஒண்ணு கண்ணுல பட்டா கைவைக்காதீங்க, அது கிட் ஃபார் விண்டோஸுக்கு வேணும்.

ஸ்டெப் 5: பழைய காப்பியை ரீநேம் பண்ணிட்ட டூலுக்கும் டிஎல்எல் கிடைக்கணும்ல, அதுக்கு பின் ஃபோல்டரை பாத்ல சேருங்க. சிஸ்டம்32-க்குள்ள காப்பி பண்ணுனு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க, அடுத்த அப்டேட்ல இதே சண்டை திரும்ப வரும்.

இதுக்கப்புறமும் ஃபோர்க் பண்றப்போ (ஒரு ப்ரோக்ராம் தன்னையே காப்பி எடுத்து இன்னொண்ணை ஓட்டுறப்போ) 'ரீமேப் பண்ண முடியல'னு வந்தா அது வேற கதை, டிஎல்எல்கள் மெமரில ஒரே அட்ரஸுக்கு அடிச்சுக்குதுன்னு அர்த்தம். 'ரீபேஸ்-ட்ரிக்கர் ஃபுல்ரீபேஸ்'னு கொடுத்துட்டு, எல்லாத்தையும் மூடிட்டு, சிக்வின் செட்டப்பை ஒருவாட்டி ஓட்டுங்க.

டூல் ஒண்ணுமே சொல்லாம சும்மா திரும்பி வந்துடுச்சுன்னா 'எக்கோ %எரர்லெவல்%'னு அடிச்சுப் பாருங்க. -1073741515னு வந்தா ஏதோ ஒரு டிஎல்எல் கிடைக்கலன்னு அர்த்தம், மறுபடி ஸ்டெப் 3.