மொட்டை மாடியில் வெட்டிவேர்: முதன்முறை வைக்கிறவர்களுக்கு

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் மாடியில் ரோஜா மூன்று தடவை கருகியது. போர் தண்ணீரில் உப்பு, கிழக்கே கடல் காற்று, தெருவில் கன்டெய்னர் லாரித் தூசி. நாலாவது ரோஜாவுக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை. வெட்டிவேர் வைத்தேன். உப்பு, வெயில், தேங்கும் மழைநீர் எல்லாவற்றையும் தாங்குகிற பல்லாண்டுப் புல் இது. ஐந்தடி உயரத்துக்குப் போய், மேலே பிரிந்து வளையும். கைப்பிடிச் சுவரோரம் ஆறு பை வைத்தால் பச்சைத் திரை மாதிரி நிற்கும். கடலூர்ப் பக்கம் கடற்கரை மணலில் இதைப் பயிராகவே வைக்கிறார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இதற்கு வழங்கும் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்.

படி 1: சரியான நாற்று

ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிற காய்ந்த வேரை நட்டால் முளைக்காது. அடித்தூரும் கொஞ்சம் தண்டும் சேர்ந்த பச்சை நாற்று வேண்டும். தெற்கே பயிராகிற ரகம் முளைக்கிற விதை விடுவதில்லை. அதனால் பக்கத்துத் தொட்டிக்குத் தாவிப் பரவுமோ என்ற பயமும் வேண்டாம்.

வாங்கும்போது இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை வாசம் வந்தால் அது எலுமிச்சைப் புல். வெட்டிவேரின் இலைக்கு மணமே கிடையாது, எல்லாம் வேரில். முதல் வருஷம் ஒரு நர்சரியில் என்னிடம் வெட்டிவேர் என்று கொடுத்ததை எட்டு மாதம் வளர்த்தபிறகு டீயில்தான் போட முடிந்தது.

படி 2: பையும் மண்ணும்

நிலத்தில் இந்த வேர் பத்தடிக்கு மேலும் நேராக இறங்கும். அதனால் அகலத்தைவிட ஆழம் முக்கியம். இரண்டடி உயர க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) வாங்குங்கள். அரிசிச் சாக்கு வேண்டாம். நான் அதைத்தான் பயன்படுத்தினேன், கத்திரி வெயிலில் நைந்து பிய்ந்து மாடி முழுக்க மணல். பழைய டிரம் வெட்டி வைப்பதானால், உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். கெமிக்கல் டிரம் மலிவாகக் கிடைக்கும், வேண்டவே வேண்டாம்.

மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. களிமண்ணாக இருந்தால் அறுவடையில் வேர் அறுந்துபோகும். காசிமேட்டுக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். உப்பு தாங்கும் புல்தான் என்றாலும் குழந்தை நாற்று தாங்காது. நனைந்த பை ஒன்று 50 கிலோவைத் தாண்டும். மாடியின் நடுவில் வைக்காமல் சுவரோரம், செங்கல் மேல் வையுங்கள்.

மண் விஷயத்தில் இன்னொன்று. இந்தப் புல் மண்ணிலுள்ள ஈயம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சி, பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்ளும். மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்ய உலகமெங்கும் இதை நடுவது அதனால்தான். நமக்கு அதுவே ஆபத்து. கால்வாய் ஓர மண், ஆலைப் பக்கத்து மண், சாம்பல் கலந்த மண் இவற்றில் வளர்ந்த வேரைக் குடிதண்ணீர்ப் பானையில் போடக்கூடாது. எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் வெளியிலிருந்து நல்ல மண் வாங்கிப் போடுங்கள். அழகுக்கு மட்டும் என்றால் எந்த மண்ணும் பரவாயில்லை.

படி 3: நடவு

விதை இல்லாத புல்லுக்கும் ஆடிப்பட்டம்தான் நல்லது. ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். இலையை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், பழைய வேரை நாலு விரல் அளவுக்குக் குறையுங்கள். ஒரு வாரம் அடிப்பகுதியைத் தண்ணீரில் வைத்தால் வெள்ளையாகப் புது வேர் எட்டிப் பார்க்கும். பைக்கு இரண்டு மூன்று நாற்று சேர்த்து நடலாம்.

முதல் மாதம் மெட்ரோ தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் போர் தண்ணீர் போதும்.

படி 4: பராமரிப்பு

பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தூர் பெருக்கும். இலை விளிம்பு கையைக் கீறும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய இலையை மற்றத் தொட்டிகளுக்கு மூடாக்காகப் போடலாம்.

உரத்துக்கு மீன் அமிலம். ஒரு கிலோ மீன் கழிவு, ஒரு கிலோ நாட்டு வெல்லம், மூடிய வாளியில் 21 நாள். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும். மூடியின் மேல் கல் வையுங்கள், தெருப் பூனைகள் எல்லாம் மாடி ஏறிவிடும்.

படி 5: அறுவடை

வேர் முற்ற 12 முதல் 18 மாதம். இந்த ஆடியில் வைத்தது அடுத்த ஆடியும் கழிந்து வரும் தை, மாசியில் தயார். தோண்டாதீர்கள். பையின் பக்கவாட்டைக் கிழித்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கரைத்தால் வேர் முழுசாக வரும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் மணம் பறந்துவிடும்.

ஒரு பிடியைத் துணியில் முடிந்து பானைத் தண்ணீரில் போடலாம், புடவைப் பெட்டியில் வைக்கலாம், தேங்காய் எண்ணெயில் ஊறவிடலாம். நிறைய இருந்தால் ஜன்னலுக்குத் தட்டி பின்னி, கத்திரி வெயிலில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். வாசனைத் தைலம் எடுக்கும் ஆசை மட்டும் வேண்டாம். அதற்குப் பல மணி நேரம் ஆவியில் வடிக்க வேண்டும், நம் குக்கருக்கு ஆகாது.

வேரை வெட்டியபிறகு மிஞ்சும் தூரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரித்தால் அதுவே அடுத்த நாற்று. போன மாசியில் ஒரு பையிலிருந்து எனக்கு முப்பதுக்கு மேல் வந்தது. பாதி கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் நிற்கிறது.