விம் உதவிக் கோப்பு: சிக்கல் முதல் வரியில்

மதுரை அச்சகம் ஒன்றில் மெய்ப்பு பார்ப்பவர்களுக்காக எழுதிய விம் (உரைத் தொகுப்பி) பிளக்இனுக்குத், அதாவது கூடுதல் நிரலுக்குத், தமிழில் உதவிக் கோப்புகள். தமிழ் என்பதால் நீட்டிப்பு .டிஎக்ஸ்டி அல்ல, .டிஏஎக்ஸ். உதவியில் தேடும் பெயர்களை, அதாவது டேக்குகளைப், பட்டியலிடும் ஹெல்ப்டேக்ஸ் கட்டளையை ஓட்டினால் இ670 பிழை: குறியாக்கம் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) கலந்திருக்கிறதாம். இரண்டு கோப்புமே யுடிஎஃப்-8 குறியாக்கம்தான்! திரும்பச் சேமித்தும், அந்தப் பட்டியல் இருக்கும் டேக்ஸ்-டிஏ கோப்பை அழித்து ஓட்டியும் பலனில்லை.

விம் கோப்பு முழுவதையும் பார்ப்பதில்லை. முதல் வரியில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எழுத்து இருந்தால்தான் யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றின் தலைப்பு வரி தமிழில். மற்றதில் நட்சத்திரக் குறிகளுக்குள் ஆங்கில டேக் மட்டும்; அதனால் அது வேறு குறியாக்கம் என்று விம் எடுத்துக்கொண்டது. அந்த வரியில் ‘தமிழ் உதவி’ என்று சேர்த்ததும் பிழை போய்விட்டது. டேக்கை ஒட்டி எழுதிவிடாதீர்கள். நடுவே இடைவெளி இல்லையென்றால் டேக்கே பதிவாகாது. டேக் பெயரைத் தமிழாக்கவும் வேண்டாம். பிறகு உதவி மொழியைக் குறிக்கும் ஹெல்ப்லாங் அமைப்பை ‘டிஏ’ என்று வைத்தால் தமிழ் உதவி முதலில் திறக்கும்.