கருவையை வெட்டினால் போதாது: நிலம் சுத்தம் செய்ய ஆள் விடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் உண்டு. பதினெட்டு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு அவர் திரும்பியபோது, வரப்பு எது வயல் எது என்று தெரியாதபடி சீமைக் கருவேலம் மண்டி, கருவைக் காடாக அது கிடந்தது. ஒரு விறகு வியாபாரி தேடி வந்தார். “நீங்க ஒரு பைசா செலவழிக்க வேண்டாம்ணே. நாங்களே வெட்டி எடுத்துக்கிட்டு, உங்க கையில காசும் குடுத்துட்டுப் போறோம்” என்றார். சித்தப்பாவுக்கு லாட்டரி விழுந்த மாதிரி. இரண்டு வாரத்தில் காடு காலி. ஐப்பசி மழை பெய்தது. தை மாதம் போய்ப் பார்த்தால், வெட்டிய மரத்தின் அடிக்கட்டையான ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுக் கொப்பு வெடித்து நிற்கிறது. முன்பாவது மரங்களுக்கு நடுவே குனிந்து போகலாம். இப்போது ஆடு நுழையவும் இடமில்லை.

அந்த வியாபாரி ஏமாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் கேட்டது விறகு, ஏற்றிப் போனதும் விறகு. சித்தப்பாவின் தொல்லை மண்ணுக்குள் இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. நம் பக்கம் நிலம் சுத்தம் செய்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சீமைக் கருவேலம் மத்திய, தென் அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக்கு விதை வந்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம் என்பதால்தான் விறகுக்கு அது பொருத்தமாக இருந்தது. தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதி, மண்ணுக்குச் சற்றுக் கீழே, துளிர் மொட்டுகளோடு காத்திருக்கிறது. ஆணிவேர் முழுவதையும் தோண்ட வேண்டும் என்று சொல்லி அதிகப் பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அது தேவையில்லை. கழுத்தையும் சேர்த்து ஒரு அடி ஆழத்துக்கு எடுத்துவிட்டால் மீதி வேர் மக்கிவிடும். ஆனால் அந்த ஒரு அடி கட்டாயம்.

விறகை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டக்காரருக்குத் தூர் உயிரோடு இருப்பதில் லாபமும் உண்டு. மூன்று நான்கு வருஷத்தில் மறுபடியும் வெட்ட வரலாம் அல்லவா! பயிர் வைக்கும் எண்ணமே உங்களுக்கு இல்லையென்றால், அப்படி அவ்வப்போது குத்தகைக்கு வெட்டக் கொடுப்பது மோசமான வருமானம் இல்லை. நிலம் வேண்டும் என்றால்தான் சிக்கல். அப்போது பேச்சு மரத்தைப் பற்றி இல்லாமல் தூரைப் பற்றி இருக்க வேண்டும். “தூரோடு பிடுங்கி, குழி மூடி, மட்டம் அடித்துத் தர வேண்டும்” என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விறகு யாருக்கு, எடைமேடைச் சீட்டை யார் வைத்துக்கொள்வது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நம் ஆட்கள் பழக்கத்துக்காக வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவார்கள். பழக்கம் கெடுவதும் அதனால்தான்.

யாரைக் கூப்பிடுவது என்பதிலும் குழப்பம் உண்டு. வனத்துறை ஆட்கள் தனியார் நிலத்தைச் சுத்தம் செய்து தர வரமாட்டார்கள். நமக்குக் கிடைப்பவர்கள் விறகு வியாபாரிகளும் ஜேசிபி, ஹிட்டாச்சி வைத்திருப்பவர்களும்தான். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி போன்ற இடங்களில் வனவியல் படித்துவிட்டு ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு. நம் ஊரில் அவர்களைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. இரண்டு ஏக்கருக்கு அது தேவைப்படாது. பத்து ஏக்கருக்கு மேல் என்றால், இயந்திரம் இறங்கும் முன் அப்படி ஒருவரை அழைத்து ஒரு நாள் காட்டைச் சுற்றி வரச் சொல்வது கொடுக்கும் காசுக்குத் தகும். எதை வெட்டுவது என்பதை எல்லாரும் சொல்வார்கள், எதை விடுவது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

முள் இருப்பதெல்லாம் சீமைக் கருவை இல்லை. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்த மாலை மாதிரி விதைக்கு விதை இடுங்கி இருக்கும். சீமைக் கருவையின் பூ விரல் நீளக் கதிர். காய் நீளமாகப் பழுத்து மஞ்சளாகும். உச்சி தட்டையாகக் குடை விரித்தது போல் நிற்பது உடை மரம். நம் கடற்கரை வறட்சிக்கென்றே பிறந்தது மாதிரியான மரம் அது. வன்னி, வெள்வேல், இலந்தை எல்லாம் இந்தப் புதருக்குள்ளேயே ஒளிந்து நிற்கும். இயந்திரக்காரருக்கு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் பச்சை முள்தான். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்ற உத்தரவிட்டபோது ஊர் ஊராக ஜேசிபி ஓடியது நினைவிருக்கும். அந்த வேகத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் உடை மரங்களும் சேர்ந்து போயின. 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த அயல் தாவரக் கொள்கை, அகற்றுவதோடு சூழலை மீட்பதையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

வேலை தொடங்கும் முந்தின நாள், ஒரு டப்பா சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு நீங்களே உள்ளே போய், நிறுத்த வேண்டிய மரங்களுக்கெல்லாம் வெள்ளை அடியுங்கள். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். முள்ளை விடச் சுருட்டை விரியன்தான் பயம். சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. வெள்ளை அடிக்கும்போது பனையை மறக்காதீர்கள். வளர்ந்த பனை எல்லாருக்கும் தெரியும், கருவைக்குள் முழங்கால் உயரத்தில் நிற்கும் வடலி, அதாவது இளம் பனை, தெரியாது. ஜேசிபி கரண்டி ஒரு இழுப்பில் பத்து வடலியை வாரிவிடும். அது பலன் தருகிற மரமாகப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாயிற்று. “தெரியாமல் இயந்திரம் பட்டுவிட்டது” என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

எல்லை விஷயம் இதைவிடச் சூடானது. காடு மண்டிய நிலத்தில் எல்லைக்கல் எங்கே என்று யாருக்கும் தெரியாது, அவரவருக்கு ஒரு ஞாபகம். சர்வேயரை வைத்து அளந்து, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தை இறக்குங்கள். பக்கத்து நிலத்தில் ஒரு வண்டி விறகு வெட்டிவிட்டால் பங்காளிச் சண்டைதான். கண்மாய், ஊருணி, வரத்துக் கால்வாய் புறம்போக்கு என்றால் மரம் உங்களுடையதே இல்லை, அதை ஏலம் விட்டுத்தான் வெட்டுவார்கள். கடல் ஓரமாக நிலம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். மணல் மேட்டை இடித்து மட்டம் செய்வதோ, காரங்காட்டில் இருப்பது போல அலையாத்தி நிற்கும் ஓடையில் கை வைப்பதோ கூடாது. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களை ஒட்டி நிலம் உள்ளவர்கள் ஐப்பசி முதல் மாசி வரை வேலையே வைக்காதீர்கள். அப்போது பறவைகள் கூடு கட்டியிருக்கும், அதுவும் இந்தக் கருவேல மரங்களிலேதான்.

இயந்திரத்துக்கு மணிக் கணக்கா, ஏக்கர் கணக்கா? மணிக் கணக்கு என்றால் வண்டி நகராது. ஏக்கர் கணக்கு என்றால் தூர் நகராது. பழைய பெருமரம் நிற்கும் நிலத்துக்கு மணிக் கணக்கே மேல் என்பேன், கூடவே வீட்டு ஆள் ஒருவர் நாள் முழுக்க நிற்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தால் நிலம் எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும். தூருக்கு மேலே ஒரு கரண்டி மண்ணை இழுத்துவிட்டுப் படம் எடுத்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

பிடுங்கிய தூரை உதறி, மண்ணைக் கீழே கொட்டிவிட்டுத்தான் குவிக்கச் சொல்ல வேண்டும். நம் கடற்கரை நிலத்தில் நல்ல மேல்மண் கொஞ்சம்தான். அதையும் வேரோடு ஓரத்தில் குவித்துவிட்டால் மிளகாய் வைக்க என்ன மிஞ்சும்? சிலர் குழி மூட மண் வேண்டும் என்று வண்டியை வரவழைத்து, போகும்போது மண்ணை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அனுமதி இல்லாமல் மண் போனால் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடுவார்கள்.

தூரில் டீசலோ கழிவு எண்ணெயோ ஊற்றுகிறேன் என்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மணற்பாங்கான நம் பக்கம் நல்ல தண்ணீர் மேலாக, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு கிடக்கிறது. ஊற்றுத் தோண்டிக் குடிக்கிற தண்ணீர் அது.

மூட்டத்தை உங்கள் நிலத்திலேயே போட விட்டால், எந்த மூலையில் என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். மூட மண்ணை அங்கேயேதான் வெட்டுவார்கள், எரிந்த இடம் கொஞ்ச காலத்துக்கு ஒன்றுக்கும் உதவாது. வேலைக்கு வரும் குடும்பங்களையும் பாருங்கள். பெரிய முன்பணம் கொடுத்து, கணக்கு முடியும் வரை போக விடாமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை வேலை. 1976இலேயே சட்டம் போட்டு ஒழித்தது. உங்கள் நிலத்தில் அது நடக்கிறது என்றால் எனக்குத் தெரியாது என்று ஒதுங்க முடியாது. வாரக்கூலி யார் கையில் போகிறது என்று நேரில் கேளுங்கள்.

அப்புறம் காலம். ஆனி, ஆடியில் வேலையை முடித்தால் மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்கு நிலம் தயாராகும். ஆனால் முழு நிலத்தையும் ஒரே மூச்சில் மொட்டை அடித்தால் ஆடிக் காற்று மணலை அள்ளிப் பக்கத்து வயலில் போட்டுவிடும். காற்று வரும் பக்கம் ஒரு வரிசையை விட்டு வையுங்கள். அந்த இடத்தில் பூவரசும் வேம்பும் தலையெடுத்த பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம்.

பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை மழை முடியும் வரை கையில் வைத்திருங்கள், துளிர்த்த தூரைத் திரும்ப வந்து எடுக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் சேருங்கள். சித்தப்பா இரண்டாவது முறை இப்படித்தான் செய்தார். கார்த்திகையில் நாற்பது தூருக்கு மேல் துளிர்த்திருந்தது; மீதிப் பணத்துக்காகவே அந்த ஆள் கடப்பாரையோடு வந்து நின்றார்.

தூர் போனாலும் விதை போகாது. மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடந்து, மழைக்கு மழை முளைக்கும். விரல் உயரத்தில் இருக்கும்போது ஈரத்தில் பிடுங்கினால் கையோடு வரும். உரத்துக்காக நிலத்தில் ஆட்டுக் கிடை போடுகிறவர்கள், ஆடு அதற்கு முன் எங்கே மேய்ந்தது என்று மந்தையை மேய்க்கும் கீதாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் கருவை நெற்றைத் தின்றுவிட்டு வந்த மந்தை என்றால், புழுக்கையில் விதையும் சேர்ந்தே இறங்கும்.