ரூத்தின் கதையைக் குழந்தைகளுக்குப் படங்களோடு எழுதும் முறை

வேதாகமப் பெண்களின் கதைகளைக் குழந்தைகளுக்காகப் படங்களோடு எழுத விரும்புகிறவர்கள் ரூத்திலிருந்து தொடங்குவது நல்லது. நான்கே அதிகாரங்கள், 85 வசனங்கள்; போர் இல்லை; பசி, பயணம், அறுவடை, பிறப்பு என ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கும் புரிபவையே கதையை நடத்திச் செல்கின்றன.

முதலில் நான்கு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசித்து, கைகள் செய்யும் வேலைகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரூத் தன் மாமியார் நகோமியை விடாமல் பற்றிக்கொள்கிறாள். அறுக்கிறவர்களின் பின்னால் குனிந்து கதிர் பொறுக்குகிறாள். அப்பத்தைக் காடியில் தோய்த்து உண்கிறாள். தான் உண்டு மீந்ததை எடுத்துவைத்து மாமியாருக்குக் கொடுக்கிறாள். இவையே உங்கள் படங்கள். அழகிய முகமாக மட்டும் அவளை வரைந்தால், அவள் நாள் முழுவதும் உழைத்தவள் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும்.

வயலை வரையும்போது நம் ஓவியர்களின் கை தானாகவே நெல்லையும் தேங்கிய நீரையும் வரைந்துவிடும். கதை நடக்கும் பெத்லகேம் மலைப்பாங்கான ஊர். அங்கே அப்போது நடந்தது வாற்கோதுமை அறுவடை. உலர்ந்த மண்ணும், கதிர்களில் நீண்ட கூர்களும் இருக்கட்டும். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவருக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று வேதாகமத்தின் லேவியராகமம் கட்டளையிடுகிறது. ஆகவே ஒரு மூலையில் அறுக்கப்படாத பயிர் நிற்கட்டும். தொலைவில் சவக்கடலுக்கு அப்பால் மோவாப் மலைகளை மங்கலாகத் தீட்டினால், ரூத் எங்கிருந்து வந்தவள் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடலாம்.

எழுத்து சொன்னதையே படமும் திருப்பிச் சொல்லக் கூடாது. ரூத்துக்காகச் சில கதிர்களை வேண்டுமென்றே சிந்திவிடும்படி வயலின் உரிமையாளர் போவாஸ் வேலைக்காரருக்குச் சொல்கிறார் அல்லவா? எழுத்தில் “அன்று ரூத்துக்கு நிறையக் கதிர் கிடைத்தது” என்று மட்டும் எழுதி, ஒரு வேலைக்காரன் கதிர்களை நழுவவிடுவதைப் படத்தில் வையுங்கள். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. போவாஸை இளவரசனைப் போல வரைய வேண்டாம். ரூத்தை “மகளே” என்று அழைக்கும் அவர் அவளைவிட மூத்தவர்.

நகோமியின் துயரத்தை மறைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். கணவனையும் இரு மகன்களையும் இழந்து வெறுமையாகத் திரும்பியவள், தன்னைக் கசப்பு என்று பொருள்படும் மாராள் என்னும் பெயரால் அழைக்கச் சொல்கிறாள். அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். வீட்டில் துக்கத்தைக் கண்ட பிள்ளைக்கு அந்தப் பக்கம் துணையாயிருக்கும். மூன்றாம் அதிகாரத்தின் களத்துமேட்டு இரவுக்கு, ரூத் போவாஸிடம் ஆதரவு கேட்டாள் என்ற ஒரு வரியும், அவள் போர்வையில் வாற்கோதுமையைச் சுமந்து திரும்பும் படமும் போதும்.

ஒரு பக்கத்துக்கு இருபது சொற்களுக்கு மிகாமல் எழுதி, ஒரு பிள்ளைக்கு உரக்க வாசித்துக் காட்டி, அது தடுமாறும் இடங்களைத் திருத்துங்கள். கடைசிப் படத்தில் நகோமியின் மடியில், ரூத்துக்கும் போவாஸுக்கும் பிறந்த குழந்தை ஓபேத் இருக்கட்டும். நகோமி வெறுமையாகத் திரும்பிய நாளில் எந்த வாசலை வரைந்தீர்களோ, அதே வாசலையே இங்கும் வரையுங்கள்.