என்ஜிசி 2403-இல் ஹைட்ரஜன் எவ்வளவு? நீங்களே கணக்கிடலாம்

நடுநிலை ஹைட்ரஜன் 21 செ.மீ. அலைநீளத்தில் ரேடியோ அலையை உமிழும் என்பது தெரிந்திருந்தால் போதும், சாதாரண மடிக்கணினியிலேயே ஒரு கேலக்ஸியின் வாயுவை எடைபோட்டுவிடலாம்.

இங்கே எடைபோடப்போவது என்ஜிசி 2403 என்ற கேலக்ஸியை. தரவுக்கு 'திங்ஸ்' (THINGS) என்ற ஹைட்ரஜன் ஆய்வுதான் என் தேர்வு. நியூ மெக்சிகோவில் உள்ள வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கியால் அருகிலுள்ள 34 கேலக்ஸிகளை ஆராய்ந்தார்கள். கோப்புகள் எல்லோருக்கும் இலவசம். என்ஜிசி 2403-க்கான 'மொமெண்ட் 0' கோப்பை, அதாவது எல்லா வேகங்களிலும் வந்த ஹைட்ரஜன் ஒளியைக் கூட்டிய படத்தை, இறக்கிக்கொள்ளுங்கள். அது வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் (FITS) வடிவில் இருக்கும்; மங்கலான வாயுவையும் நன்றாகக் காட்டும் 'நேச்சுரல்' வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கணக்குக்கு முன் படத்தைக் கண்ணால் பாருங்கள். ஃபிட்ஸ் படங்களைக் காட்டும் மென்பொருள்களில் டிஎஸ்9-ஐவிட (DS9) எனக்குக் கார்ட்டா (CARTA) பிடிக்கும். பெரிய கோப்புக்கும் திணறாது. வாயுத் தட்டு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அழகான காட்சி, அவசரப்படாமல் பாருங்கள்.

அப்புறம் பைத்தான் நிரல்மொழியில் ஆஸ்ட்ரோபை (Astropy) என்ற வானியல் நிரல்தொகுப்பைக் கொண்டு கோப்பைத் திறந்து எல்லாப் பிக்சல்களையும் கூட்டுங்கள். வரும் எண் பிரம்மாண்டமாக இருக்கும். என்னை வெகுநேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான். ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது 'ஒரு பீமுக்கு இத்தனை ஜான்ஸ்கி × வேகம்' என்ற அளவு. பீம் என்பது தொலைநோக்கியால் பிரித்துப் பார்க்க முடிந்த மிகச்சிறிய வானப் பரப்பு; ஜான்ஸ்கி ரேடியோ ஒளியின் அலகு. ஒரு பீமுக்குள் பல பிக்சல்கள் அடங்கும். அதனால் கூட்டுத்தொகையைப் பீமின் பரப்பால் வகுக்க வேண்டும். பரப்பு = 1.133 × பீமின் நீளம் × அகலம். இங்கே பீம் சுமார் 8.75 × 7.65 ஆர்க்நொடி (ஒரு டிகிரியில் 3600 ஆர்க்நொடி), பிக்சல் 1 ஆர்க்நொடி என்றால் கிட்டத்தட்ட 76 பிக்சல். பீம் அளவு கோப்பின் தலைப்புப் பகுதியில் (header) உள்ள வழக்கமான வரிகளில் கிடைக்காவிட்டால் அதே பகுதியின் 'ஹிஸ்டரி' (HISTORY) வரிகளில் தேடுங்கள். அங்கே டிகிரியில் இருக்கும், 3600-ஆல் பெருக்குங்கள். வேகத்தின் அலகு நொடிக்கு மீட்டரா என்றும் பாருங்கள். அப்படியென்றால் கி.மீ.க்கு மாற்ற இன்னொரு 1000-ஆல் வகுக்க வேண்டும்.

சரி, இனி எளிது. நிறை = 2.36 × 1,00,000 × தூரத்தின் வர்க்கம் × ஒளிப்பாய்வு (மேலே வகுத்துக் கிடைத்த எண்). தூரம் 3.2 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு). விடை சூரிய நிறையில் வரும்; 2008-இல் ஆய்வுக் குழு வெளியிட்ட மதிப்பு சுமார் 260 கோடி. உங்கள் விடை அதையொட்டி இருந்தால் வழி சரி.

பிற்சேர்க்கை: இதே முறையில் எம்81 என்ற கேலக்ஸியை முயன்ற சிலருக்கு விடை பொருந்தவில்லை. எம்81 நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தில்தான் வருகிறது, ஆகவே பால்வீதியின் சொந்த ஹைட்ரஜனும் கிட்டத்தட்ட அதே அதிர்வெண்ணில் வந்து கலந்துவிடும். அடுத்த பயிற்சிக்கு என்ஜிசி 628 கேலக்ஸியை எடுங்கள். நொடிக்கு 650 கி.மீ.க்கு மேல் விலகிச் செல்வதால் இந்தக் கலப்பு வராது; தூரத்துக்கு 7.3 மெகாபார்செக் போடுங்கள்.